சரோஜா அக்கா அளவெடுத்த சன்னல்கள்

செபராங் ஜெயாவில் பேருந்துக்கு நின்றிருந்தபோது கைப்பேசியில் ஒரு வரி வந்தது. "சரோஜா அக்கா போயிட்டாங்க. காலையில, தூக்கத்துல." திரைச்சீலைக் கடையில் அவரோடு தைத்த மேரி அக்கா அனுப்பியிருந்தார். பேருந்து வந்தது, ஏறி வேலைக்குப் போனேன். அதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜார்ஜ்டவுனில் இருந்த அந்தக் கடையில் நான்கு பெண்கள் தைத்தார்கள். பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத நான் முன்மேசையில் தொலைபேசி எடுத்தேன். தீபாவளிக்குப் புதுத் திரைச்சீலை மாட்டாத வீடு இங்கே குறைவு. நால்வரில் ஒருவரான சரோஜா அக்கா வீடு வீடாகப் போய் இலவசமாகச் சன்னல் அளவெடுப்பார். ஆலைகளில் ஓவர்டைம் நின்ற வருடம், மக்கள் அந்த அளவுச் சீட்டோடு வேனேறித் தாய்லாந்து எல்லையில் மலிவாக வாங்கிவந்தார்கள். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தபோது, பாகான் டாலாமில் ஒரு வீட்டம்மா அக்காவிடமே கேட்டார்: "கொஞ்சம் தெளிவா எழுதிக் குடுங்கக்கா, அங்க சியாம்காரனுக்குப் புரியணும்லா."

அக்கா மறுபடி எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும், "ஓவர்டைம் போன வீட்டுக்கு நான் என்ன புத்தி சொல்றது? ஆனா நாலு பேரு சோறு இதுல இருக்கு, தங்கச்சி" என்றார்.

வணிகர் கூட்டத்தில் வாசித்து அரசுக்கு அனுப்ப ஒரு மனு எழுதச் சொன்னார். எழுதினேன். எல்லையில் வரும் சரக்கை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும், உள்ளூர்க் கடைகளைக் காக்க வேண்டும் என்று. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது, அக்காவே வாசித்தார். கைதட்டினார்கள். "மொதல்ல அந்த வேனுங்கள நிறுத்தணும்" என்றார் ஒரு கடைக்காரர்.

"வேன்ல யாரு அண்ணே போறா? நம்ம வீட்டு ஆளுங்கதான லா!" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த வார வேனில் என் அம்மா இடம் சொல்லி வைத்திருந்தார், அக்கா எங்கள் வீட்டில் எடுத்த அளவோடு. அப்பாவுக்கும் ஓவர்டைம் இல்லை. நான் தடுக்கவில்லை.

தீபாவளியன்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பலகாரத்தைத் தொடுமுன் திரைச்சீலையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "நான் எடுத்த அளவுதானே? சரியா உக்காந்திருக்கு." அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். "மடிப்பு பிரியுது பாரு. ஊசி நூல் இருக்கா?"

"விடுங்கக்கா..."

"சியாம்காரன் துணிய புது வெள்ளி மாதிரி மினுக்குறான், தையல் மட்டும் போடத் தெரியல அவனுக்கு." புதுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து ஒரு சாண் நீளம் தைத்தார்.

அடுத்த மாதம் கடை மூடியது. மனுவுக்குப் பதில் வரவில்லை. ஆனால் அதன் எழுத்து பிடித்துப்போய், கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர் என்னைத் தம் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். பாயான் பாருவில் ஒரு ஆலையில் தரை துடைக்கப் போன அக்காவிடம் அதைச் சொன்னேன். "ஒரு வேலையாச்சும் தப்பிச்சுதே" என்றார். குத்தலா, வாழ்த்தா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அக்காவின் துக்க வீட்டில், கடைக்காரர்களும் கூடத் தைத்தவர்களுமாக அந்த மனுவை எல்லாரும் புகழ்ந்தீர்கள். எழுதியவள் வீட்டில் என்ன தொங்குகிறது என்பதை அக்கா உங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சாண் தையலும், அவர் வாய் திறக்காததும்தான். இரண்டில் எதற்கும் நான் தகுதியில்லை.