முதலைப் பல்லில் மருதாணி

எங்கள் ஊரில் ஸாயித்தை வெகுகாலம் யாரும் நொண்டி என்று சொன்னதில்லை. இளவயதில் செம்மலைக்குள் பொந்து குடைந்து எலும்பு தோண்டப் போனபோது, மேலிருந்து பாறை சரிந்து இடது கால் நசுங்கியது. அதற்குப் பிறகும் அவருக்கு நிலைத்த பெயர் ‘நாக்கு ஸாயித்’ என்பதுதான். எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் அவர் நக்கிப் பார்ப்பார். கல்லாகிப்போன பழைய எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். நாக்கின் ஈரத்தை உறிஞ்சி அப்படியே பிடித்துக்கொள்ளும். வெறும் கல் வழுக்கிவிடும். பசை பூசியிருந்தால் நாக்கில் சுருக்கென்று ஒரு கசப்பு ஏறும்.

பல் என்றால் கண்ணும் கட்டைவிரல் நகமும் போதும். இறைச்சி தின்ற டைனோசரின் பல் கத்தி போலத் தட்டையாக இருக்கும். விளிம்பில் நகத்தை ஓட்டினால் ரம்பம் போலக் கிர்ரென்று இடறும். முதலைப் பல் உருண்டை, குட்டை, மேலெல்லாம் வரி வரியாக இருக்கும். ஆனால் மீன் தின்று வாழ்ந்த ஒரு பெரிய டைனோசரும் எங்கள் மலையில் புதைந்து கிடக்கிறது. அதன் பல்லும் உருண்டைதான், வரியோடியதுதான். நீளம் மட்டும் அதிகம். ஊரே ஏமாற்றுவதும் ஏமாறுவதும் அந்த இடத்தில்தான். யாரும் சீந்தாத முதலைப் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக்கி, ஒட்டு தெரியாமல் செம்மணலைப் பூசி, டைனோசர் பல்லென்று விற்பார்கள்.

வியாபாரிகள் கொண்டுவந்து கொட்டும் குவியலைக் கூலிக்குப் பிரிக்கும்போது ஸாயித் முதலைப் பற்களை முற்றத்தில் வீசிவிடுவார். கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டு நகரும். அவர் மனைவி இத்தோ துடைப்பத்தால் கூட்டி ஒதுக்குவாள். அவள் அவற்றை எங்கே ஒதுக்கினாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நல்ல மனிதர் ஸாயித். பொய்யை மெய்யென்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆனால் பொய் என்று சொல்வதோடு அவர் நாக்கு நிற்காது. செய்தவனையும் சந்தைக்கு நடுவில் தோலுரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் அடங்கும். அதைக் கேட்பதற்கென்றே கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அன்று எங்கள் பாலைவன ஊரான ரிசானியில் வியாழக்கிழமைச் சந்தை. பேரீச்சம்பழக் கடைகளுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், ஹம்மு ஒரு தாடையைப் போர்வையில் பொதிந்து கொண்டுவந்து வைத்தான். ஊரிலேயே வேகமாக வளர்ந்த வியாபாரி அவன். வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் எதிர்க் கடையில் புதினா தேநீரோடு உட்கார்ந்திருந்தார். ஸாயித் பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

“ஸாயித் அண்ணே, மெதுவா பாருங்க. பல்லு கடிச்சிடப் போகுது,” என்றான் ஹம்மு.

ஸாயித் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. உள்ளபடியே அற்புதமான வேலை. வரிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்கூட ஒட்டு தெரியவில்லை. மணல்கூட எங்கள் மலையின் அதே செம்மை. கடைசியில் பெரிய பல்லின் அடியில் நாக்கை வைத்தார். வைத்தவர் முகம் சுளித்து, பிறகு மலர்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏம்ப்பா ஹம்மு, இது டைனோசரா, கல்யாணப் பொண்ணா?”

“என்னண்ணே சொல்றீங்க?”

“மருதாணி போட்டிருக்கு. சாந்துல நிறம் வரணும்னு மருதாணியைக் கரைச்சு விட்டிருக்காங்க. அடியில ஒட்டினது எல்லாம் முதலைப் பல்லு. எந்தப் பொம்பளையோ முதலைக்கு அலங்காரம் பண்ணி அனுப்பியிருக்கா.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. “மாப்பிள்ளை யாரு, ஹம்முவா?” என்றான் ஒருவன். “மாமியார் பல்லைப் பார்த்துக்கோ,” என்றான் இன்னொருவன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஸாயித்தின் நாக்கு நிற்கவில்லை. “சாணி தட்டுற கை. கழுதைக்கு லாடம் அடிக்கத் தெரிஞ்சவன்கூட இதைவிட ஒழுங்கா ஒட்டியிருப்பான்,” என்றார். வேலை அற்புதம் என்று மனதுக்குத் தெரிந்திருந்தும், கூட்டத்தின் சிரிப்புக்காக அப்படிச் சொன்னார்.

வெளிநாட்டுக்காரர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஹம்மு முகம் கறுத்துக் கேட்டான்: “யாரோட கைன்னு தெரிஞ்சா இதே மாதிரி நடுச்சந்தையில சொல்லுவீங்களா அண்ணே?”

“அடுத்த வியாழக்கிழமை இதே இடத்துல சொல்றேன். இது சத்தியம்.”

ஹம்மு அவரை விநோதமாகப் பார்த்தான். தாடையைப் போர்வையில் சுருட்டினான்.

மருதாணி என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எங்கள் ஊரில் மணப்பெண்களுக்கு மருதாணி வைப்பவள் தூடா. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த மருதாணிக் கிண்ணம்தான் அவளுடைய சோறு. சந்தை கலைவதற்குள் அவள் பெயர் வாய் வாயாகப் போய்விட்டது. ரொட்டிக்கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு வேறு ஊரிலிருந்து ஆள் கூப்பிட்டார். “பொய்ப் பல்லு செய்யுற கையால என் பொண்ணு கையில வேண்டாம். குடித்தனமும் பொய்யாப் போயிடும்,” என்றாராம் அவர் மனைவி.

திங்கட்கிழமை மதியம் தூடா ஸாயித்தின் வீட்டுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“தம்பி, நான் யார்கிட்டயும் கெஞ்சினதில்ல. அது நான் இல்லைன்னு நீங்க சொல்லணும். உங்க நாக்கு சொன்னா ஊர் கேட்கும்.”

ஸாயித் தீர்ப்பு சொல்லும் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கையைக் காட்டுங்க, தூடாக்கா.”

ஒரு கணம் அவள் அவரையே பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள். எலும்புத் துண்டைப் புரட்டுவதுபோல அவர் அவற்றைப் புரட்டினார். உள்ளங்கை முழுக்க, நகக்கண் முழுக்க, பல ஆண்டு மருதாணி ஊறிக் கறுத்திருந்தது. பசை பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை. அவள் கண்ணில் நீர் திரண்டதை அவர் கவனிக்கவில்லை. அவர் தடயம் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது இத்தோ தேநீர் கொண்டுவந்தாள். உயரத் தூக்கி ஊற்றும்போது அவள் வலது கை அவர் முகத்துக்கு நேராக வந்தது. கட்டைவிரல் நுனியிலும் ஆட்காட்டி விரல் நுனியிலும் தோல் வெங்காயச் சருகுபோலப் பளபளத்து உரிந்திருந்தது. பசையைத் தொட்டுத் தொட்டு உரிந்த தோல். அதன் அடியில், அந்த இரண்டு விரலில் மட்டும், மருதாணிச் சிவப்பு.

ஊரில் அன்று எந்தக் கல்யாணமும் இல்லை. பண்டிகையும் இல்லை.

ஸாயித்தின் காதுமடல் சூடேறியது. தேநீர் கிளாஸ் நிரம்பி வழிந்தது. இத்தோவின் கண் அவர் கண்ணைச் சந்தித்துத் தாழ்ந்தது. தூடா இரண்டு பேரையும் பார்த்தாள். எத்தனையோ பெண்களின் விரல்களைப் பிடித்து வாழ்ந்தவள் அவள். தன் கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, வியாழக்கிழமை சந்தையில சொல்றேன்,” என்றார் ஸாயித். குரல் அவருடையதாக இல்லை. ‘நீங்கள் இல்லை’ என்ற ஒரே வார்த்தையைச் சொல்ல அந்த நேரத்தில் அவருக்கு வாய் வரவில்லை. பின்னாளில் அதை நினைத்துத்தான் அவர் அதிகம் குன்றிப்போனார்.

தூடா போனதும் இத்தோ ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்துவந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். அத்தனையும் முற்றத்தில் அவர் வீசிய முதலைப் பற்கள். நிறத்துக்கு நிறம், வரிக்கு வரி, சின்னச் சின்னத் துணிப்பொட்டலங்களாகப் பிரித்துக் கட்டியிருந்தாள்.

“எவ்வளவு நாளா?”

“உங்க வாய்க்குப் பயந்து ஒவ்வொரு வியாபாரியா நம்ம வாசலுக்கு வர்றதை நிறுத்தினாங்களே, அன்னையிலேர்ந்து. அடுப்பு எப்படி எரியுதுன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா என்ன செய்வீங்க? என்னையும் சந்தையில தூக்கிப்போட்டுச் சிரிப்பீங்க. சொல்லாமலேயே அதைச் செஞ்சீங்களே.” அவள் குரல் உடைந்தது. “ஏமாத்துக்காரின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். திருடின்னு சொல்லுங்க. சாணி தட்டுற கைன்னு சொன்னீங்களாமே. அந்த ஒரு பல்லுக்கு நான் எத்தனை பல்லை உடைச்சேன் தெரியுமா? நீங்க நக்கிப் பார்க்குற வரைக்கும் உங்க கண்ணுக்கே அது தெரியலை.”

அவர் தலை குனிந்தது. உண்மையே பேசுகிறவன் என்று ஊர் முழுவதும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தாரே, அந்த நடைக்குத் தெம்பு தந்த ரொட்டி இந்த விரல்கள் பிசைந்த பொய்யில் வந்தது. தின்றது அவர். பழி சுமந்தது தூடா.

“தூடாக்காவைக் காப்பாத்துங்க,” என்றாள் இத்தோ, கண்ணைத் துடைத்தபடி. “என் பேரைச் சொல்லிடுங்க. சத்தியம் வேற பண்ணியிருக்கீங்க.”

அவர் சிதறிய பற்களைப் பொறுக்கிப் பொறுக்கி மீண்டும் சாக்கில் போட்டார்.

வியாழக்கிழமை தகரக் கூரையின் கீழ் நிற்க இடமில்லை. தானியக் கடைப் பக்கம் பெண்களோடு பெண்களாகத் தூடா நின்றிருந்தாள். இத்தோ வரவில்லை, ஸாயித் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஹம்மு தாடையைப் போர்வையோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

“சொல்லுங்கண்ணே. எந்தக் கை?”

ஸாயித் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஆண்கள் நாலு பேர் முன்னால் அப்படிச் செய்வதில்லை. சிரிக்கத் தயாராக இருந்த முகங்கள் அடங்கின.

“தூடாக்கா இல்லை. அவங்க கை சுத்தமான கை. அதைப் புரட்டிப் பார்த்த என் கைதான் அழுக்கு.” தாடையைத் தொட்டுக் காட்டினார். “இதைச் செஞ்சது நான்.”

“நீயா? உனக்கு மருதாணி எதுக்கு? மறுபடியும் மாப்பிள்ளை ஆகப் போறியா?” என்று யாரோ ஆரம்பித்தார்கள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

“அப்புறம் எதுக்கய்யா நீயே காட்டிக்கொடுத்தே?” என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்.

“ஹம்மு பேரைக் கெடுக்கணும். என் பேரு ஓங்கணும். அதுக்காக வேற ஆள் மூலமா அவன் தலையில கட்டினேன்.”

இப்படி ஒரு பொய்யை யாராவது ஒருவர் மறுப்பார் என்று அவர் எதிர்பார்த்தார். ‘ஸாயித்தா, இருக்காது’ என்று ஒரு குரல் எழும் என்று காத்திருந்தார். எழவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பிப் பழகிய ஊர் இதையும் அப்படியே நம்பியது. “அதானே, இவ்வளவு நுட்பமா வேற யாரால முடியும்?” என்றார் ஒருவர். இன்னொருவர் காலடியில் துப்பினார். ரொட்டிக்கடைக்காரர், “என் மகள் கல்யாணத்துல ஒரு நல்லவளை அவமானப்படுத்த வச்சுட்டியே,” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஆண்கள் கூட்டத்தில் உண்மை தெரிந்தவன் ஹம்மு ஒருவன். ஒரு சொல்லில் அவன் எல்லாவற்றையும் கவிழ்த்திருக்கலாம். அவன் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கடைசிவரை ஸாயித்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எவரும் அவரிடம் எலும்பு கொண்டுவரவில்லை. பேரீச்சந் தோட்டங்களில் கூலிக்குப் போனார். நொண்டி என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. சாகும்வரை அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் மண்ணுக்குள் போனபிறகு, “இனிமே எழுதிக்கோ,” என்று இத்தோவே என்னிடம் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமையின் மிச்சத்தையும் அவள் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

ஸாயித் சந்தையிலிருந்து சுற்று வழியில் நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தபோது, தூடா அவருக்கு முன்பே வந்திருந்தாள். மடியில் மருதாணிக் கிண்ணம். இத்தோவின் கைகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, விரல் விரலாக, மணிக்கட்டுவரை பூவும் கொடியுமாக வரைந்துகொண்டிருந்தாள். இத்தோ தேம்பித் தேம்பி அழுதாள்.

“ஆடாதே, கோடு கோணும். ரெண்டு விரல்ல மட்டும் சிவப்பு இருந்தா யாராவது ஒருநாள் பார்த்துடுவாங்க. கை முழுக்க இருந்தா எவளுக்கும் கேட்கத் தோணாது,” என்று அதட்டினாள் தூடா.

ஸாயித் உள்ளே நுழையத் துணிவில்லாமல் கோழிக்கூண்டு பக்கத்திலேயே நின்றார். வேலை முடிந்து, இத்தோவின் கைகளைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, தூடா வெளியே வந்தாள். அவரைக் கடக்கும்போது நின்றாள்.

“தம்பி, நீங்க சொன்னதை ஊரே நம்பிடுச்சு. நான் நம்பலை. அது மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.”

யாராவது ஒருவர் மறுக்கமாட்டாரா என்று சந்தையில் ஏங்கினாரே, அந்த ஒரு குரல் இவளிடமிருந்தா வர வேண்டும்? பாயில் உட்காரவைத்து எவள் கையை எலும்புபோலப் புரட்டினாரோ, அவளிடமிருந்து. வாயைத் திறந்தார். மன்னிப்பு என்ற சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. தூடா காத்திருக்காமல் போய்விட்டாள்.

உள்ளே தட்டில் ரொட்டி ஆறிக்கிடந்தது. கட்டுப்போட்ட கைகளால் இத்தோவால் எடுக்க முடியாது. ஸாயித் எதிரில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, எண்ணெயில் தோய்த்து, அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். இரண்டாவது துண்டைப் பிய்க்கும்போதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றிய துணியின் ஓரத்தில் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்த மருதாணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.