விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு பனியாறு

கல்லைப் போலக் கிடக்கும் பனிக்கட்டி நகரும் என்று, பனியையே பார்த்திராத பிள்ளைகளை எப்படி நம்பவைப்பது? சுமதி இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

சுமதி என்னோடு கல்லூரியில் படித்தவள். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறாள். போன வருடம் நான் இமயமலைக்குப் போய்வந்ததை இங்கே எழுதியிருந்தேன். மலைகளுக்கு நடுவே நீண்டு இறங்கும் பள்ளத்தாக்குப் பனியாறு, சிகரத்துக்குக் கீழே ‘சர்க்’ எனப்படும் கிண்ணம் போன்ற பள்ளத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சிறிய பனியாறு, செங்குத்துப் பாறையில் பாதியிலேயே நின்றுவிட்ட தொங்கு பனியாறு. மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தேன். நிலப்பரப்பையே மூடிக் கிடக்கும் கண்டப் பனியாறு பார்க்க அண்டார்டிகாவுக்கோ கிரீன்லாந்துக்கோ போகவேண்டும். என் விடுப்பு போதாது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது ஒன்றுதான். பனியாற்றின் கீழ்முனை வெள்ளையாக இல்லை. ஜல்லி கொட்டிய இடம்போல மண்ணும் கல்லுமாக இருந்தது. அந்தக் கற்கள் அது சுமந்துவந்தவை; அப்படிக் குவிந்து கிடப்பதை மொரைன் என்பார்கள்.

சுமதி இதை வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறாள். “கல்லத் தூக்கிக்கினு ஐஸ் எப்பிடி மிஸ் நடக்கும்? அதுக்கு இன்னா காலா இருக்குது?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. ரோஷத்தில், ஐஸ் பார் கொண்டுவந்தே காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை இரண்டு பாடவேளை கிடைத்தது. அதன் பிறகு தேர்வு. ஐஸ் வந்து சேராவிட்டால் வழக்கம்போலக் கரும்பலகையில் படம்தான்.

ஐஸ் பார் நகராது என்பது என் கருத்து. பனியாறு தன் எடையால் உள்ளுக்குள்ளேயே நெகிழ்ந்து ஓடுகிறது. அதற்குப் பல பத்து மீட்டர் கனம் வேண்டும். ஆனாலும் கொண்டுவர ஒப்புக்கொண்டேன். திண்டிவனத்தில் அவள் கேட்ட இடங்களில் உடைத்த ஐஸ்தான் கிடைத்தது. முழு பார் விழுப்புரத்தில் இருந்தது. நானும் விழுப்புரத்தில் இருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழன், மதியம் இரண்டு மணிக்கு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“பெரியவங்களாம்மா?”

“ஆமாம், பெரிய பார்தான்.”

“ரெண்டா எடுத்துக்குங்க. அப்பதான் காலைல வரிக்கும் தாங்கும்.”

“ஒன்று போதும்.”

“ஒன்னே போதும்னா ஒல்லியானவங்க போலக்குது,” என்று பெருமூச்சு விட்டு, இருநூற்றைம்பது ரூபாயில் முப்பதைக் குறைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் முழு பாரை எதற்கு வாங்குவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

அந்த மௌனம் வழியில் வினையானது. குட்டியானை என்று நாம் சொல்லும் சிறு சரக்கு வண்டி, வாடகை ஆயிரத்து இருநூறு. ஓட்டுநர் ஏழுமலை ஐஸைப் பார்த்ததும், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். நாற்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடக்க வேண்டியவர், மாட்டுவண்டி வேகத்தில் போனார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்றபோது, பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் ஜல்தியா போங்களேன்.”

“சாவு வூட்டுக்கு இன்னாம்மா ஜல்தி? மனச தேத்திக்குங்க. நா பத்திரமா கொண்டும் போய் வுடறேன்.”

“யாரும் சாகலைங்க. இது பள்ளிக்கூடத்துக்கு. பனியாறு பாடம்.”

அவர் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா? நா கெளம்பும்போது டீ கூட குடிக்கல, துக்கத்துக்குப் போறமேன்னு!” பாட்டு மறுபடி ஒலித்தது. திண்டிவனம் வரை வண்டி பறந்தது. இறங்கும்போது, “ஐஸ் நடந்துச்சின்னா ஒரு போன் போடுங்க,” என்றார். அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

பாரின் முனைகள் மழுங்கியிருந்தன; பாதிக்கு மேல் மீதி. உமியில் புதைத்து, சாக்குப் போர்த்திப் பள்ளி அறையில் வைத்தோம். சுமதி வீட்டில் தங்கினேன்.

நீங்களும் இப்படி ஐஸ் கொண்டுபோவதாக இருந்தால், பாருக்கு மேலே மட்டுமல்ல, அடியிலும் உமி போடுங்கள். காலையிலேயே கிளம்புங்கள். எதற்கு என்பதைக் கடைக்காரரிடமும் ஓட்டுநரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் நடந்தது இது. கழித்துப்போட்ட ஒரு கரும்பலகையை மைதானத்தில் படுக்கவைத்து, ஒரு முனைக்கு ஒற்றைச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். அதன்மேல் மணலும் ஜல்லியும் பரப்பி, ஐஸை வைத்து, அதன் கீழ்முனைக்கு நேராகப் பலகையின் சட்டத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டாள் சுமதி. முதல் பாடவேளை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. “ஐஸுக்குக் கால் வலி மிஸ்,” என்றான் பழைய கேள்விக்காரன். நான் சுமதியின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

இரண்டாவது பாடவேளை முடிந்து மணி அடிக்கச் சற்று முன்பு, “டேய், எவன்டா தள்ளனது?” என்று ஒரு பெண் கத்தினாள். யாரும் தள்ளவில்லை, நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். ஐஸ் கீறலைத் தாண்டியிருந்தது. உருகிய தன் நீரின்மேலேயே வழுக்கியிருக்கிறது. பனியாறுகளும் அப்படி நகர்வதுண்டு. நெகிழ்ந்து ஓடுவதையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை. முன்னால் ஜல்லி சிறு வரப்பாகக் குவிந்திருந்தது. “இதான் மொரைனா மிஸ்?” என்று கேட்டுக்கொண்டே அந்தக் கேள்விக்காரன் ஐஸைத் தூக்க ஓடிவந்தான். தூக்கிப் பார்த்தால், அடியில், கரும்பலகையில், இணையிணையாக வெள்ளைக் கீறல்கள். இமயத்துப் பாறையில் நான் பார்த்த அதே கோடுகள். இந்த முறை படத்தைச் சுமதி வரையவில்லை.

மதியம் ஏழுமலையே அழைத்தார்.

“இன்னாம்மா, நடந்துச்சா?”

“நாலு விரல்,” என்றேன்.