பெட்டிக்கு ஓய்வு நேரம்

பள்ளிகள் மூடிக் கிடந்த ஆண்டு, எங்கள் வரிசையில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே ஒரு இணைய இணைப்பு எடுத்தோம். தனியாக எடுக்க எவருக்கும் கட்டுப்படியாகாது. முதல் வீடு எங்களுடையது என்பதால் வைஃபை பெட்டியை எங்கள் சுவரில் மாட்டினார்கள். போடியிலிருந்து குரங்கணி போகும் சாலையோரம் எங்கள் குடியிருப்பு. பெரியவர்கள் காலை ஆறு மணி ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறினால், இருட்டும் நேரத்தில்தான் இறங்குவார்கள்.

அப்பாவுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டாரை ஓட்டுகிற வேலை. இடையில் நிறுத்திப் போடாவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும் என்பது அவர் அனுபவம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர், இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்தார். தினமும் மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை பெட்டிக்கு ஓய்வு. மற்ற வீடுகளும் தலையாட்டின.

சுவிட்சுக்குப் பொறுப்பு நான். எனக்குப் பத்து வயது. பெரியவர்கள் வரும்வரை யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. இரண்டு உத்தரவுகளையும் நான் ஒரு நாளும் மீறியதில்லை.

மூன்றாம் வீட்டு அக்கா அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள்; மாலை ஐந்து மணிவரைதான் நேரம். காலையிலிருந்து வாசலுக்கும் சாலைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். விண்ணப்பப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் போனில் டேட்டா மதியமே தீர்ந்துவிட்டது. ஊரில் நெட் சென்டர்கள் பூட்டியிருந்தன. நாலு இருபதுக்குத்தான் பக்கம் திறந்ததாம். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தபோது, கடிகாரத்தில் பெரிய முள் ஆறைத் தொட்டது. நான் அணைத்தேன்.

ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"பாப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் ஏத்தணும். போடு பாப்பா."

"அப்பா அஞ்சரைக்குத்தான் போடச் சொல்லிருக்கு."

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்கடி. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வெரசாப் போடு."

"பெட்டி கருகிப்போனா நீ வாங்கித் தருவியாக்கா?"

தோட்டத்தில் அப்பாவின் போனுக்குச் சிக்னல் கிடையாது. ஆனாலும் அவள் இரண்டு முறை அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு யார் போனிலாவது நெட் கிடைக்குமா என்று சாலைக்கு ஓடி, வந்த பைக்கை எல்லாம் கை நீட்டி மறித்தாள். ஒன்றும் நிற்கவில்லை. நான் அவளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாக ஐந்தரைக்குப் போட்டேன். போட்டாயிற்று என்று ஜன்னல் வழியாகக் கூவியும் சொன்னேன். படியில் உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை.

அப்பா வந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அவ கேக்கும்போது எத்தன மணி ஆத்தா?"

நாலு முப்பத்தொன்று என்றேன். அவர் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு மூன்றாம் வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து பெட்டிக்கு ஓய்வு கிடையாது என்றார். அத்தனை ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒன்றைக் கலைத்துவிட்டாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தன் அம்மாவோடு அக்காவும் ஜீப்பில் ஏறினாள். அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்கு எட்டு மணிக்குக் கணக்கு வகுப்பு. அக்காவுக்கு இனி கணக்கும் இல்லை, பரீட்சையும் இல்லை, தினமும் மலைக்கு ஜீப்பில் போகலாம். கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டு கையசைத்தேன்.