கீழ் அறை யாருக்கு?

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஆவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சைக்கான கத்தரி, இடுக்கி, கிண்ணம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பச்சைத் துணியில் மடித்துக் கட்டி, நீராவி இயந்திரத்துக்குள் அனுப்புகிற அறை அவள் பொறுப்பு. மூட்டையின் மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு விழுந்தால் கிருமி செத்தாயிற்று, வெளியே அனுப்பலாம். விழாவிட்டால் மறுபடி உள்ளே. அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. முப்பது வருஷமாக அப்படி ஓர் அறையில் நின்று பழகியதாலோ என்னவோ, வெளியே வந்துவிட்டால் எது சரி, எது தப்பு என்று பிடிபடாமல் தடுமாறுவாள். காய்கறிக் கடையில் கூட இரண்டு கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நிற்பாள்.

அந்தத் தடுமாற்றம் உச்சத்துக்குப் போனது, தம்பி வீடு வாங்கலாம் என்று பேச்செடுத்தபோது.

தம்பி என்பது பெயருக்குத்தான். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டபோது அவளுக்கு இருபத்திரண்டு, அவனுக்கு எட்டு. மூக்கைச் சிந்திவிட்டதிலிருந்து மாப்பிள்ளையாக மணமேடையில் உட்காரவைத்தது வரை எல்லாம் அவள்தான். நடுவில் அவளுக்கும் ஒரு வரன் வந்தது. தபால் அலுவலகத்தில் வேலை, நல்ல மனிதர். பையனை விடுதியில் சேர்த்துவிடலாமே என்று பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அவள் சிரித்த முகம் மாறாமல் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை என்று சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது மட்டும் கை ஏதாவது ஒரு துணியை மடித்துக்கொண்டிருக்கும்.

தம்பி இப்போது லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டு, சாயங்காலம் தன் வாடகை வீட்டுக்கு மூன்று மாடி நடந்தே ஏறுவான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவன் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஏழாம் வகுப்பில் ஒரு மகள். இரண்டே அறை. அக்காவின் படுக்கை கூடத்தில், சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அதைச் சுருட்டிவிடுவாள். அங்கே ஒரு ஆள் படுத்திருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு சுத்தம்.

நகரம் முடிந்து, கிடங்குகளும் முடிந்து, இனிமேல் ஒன்றும் இல்லை என்று பஸ்ஸில் இருப்பவர்கள் தூங்க ஆரம்பிக்கிற இடத்தில் அந்தக் குடியிருப்பு இருந்தது. ஒரே மாதிரி வெளிர்மஞ்சள் சுவர், ஒரே மாதிரி பழுப்பு கேட், வரிசை வரிசையாகத் தனி வீடுகள். கட்டியவர் நல்ல காலத்தில் ஆரம்பித்திருக்கிறார். பாதியில் மார்க்கெட் படுத்துவிட்டது. பின்பக்கத் தெருக்களில் விளக்குக் கம்பங்கள் மட்டும் நின்றன, வீடுகள் வரவில்லை. வாசலில் இருந்த விலைப் பலகையில் புது விலையை ஒரு தாளில் அச்சடித்துப் பழைய விலைக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். தம்பி ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினான். அடியில் இன்னொரு தாள், அதற்கும் அடியில் இன்னொன்று.

"வெங்காயம் மாதிரி இருக்கே" என்றான். சிரிப்பதா, கண்ணைத் துடைப்பதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. விலை இறங்கினால் வாங்குகிறவனுக்கு லாபம். வாங்கிய மறுநாளும் இறங்கினால்? இறங்குகிற பொருளைச் சந்தோஷமாக வாங்குவதா, பயந்து ஓடுவதா?

விற்பனைப் பெண் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மாடியில் இரண்டு அறை. கீழே கூடம், சமையலறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறையில் பெரிய ஜன்னல், பக்கத்திலேயே குளியலறை, படி ஏற வேண்டிய வேலையே இல்லை. விருந்தாளிகள் அறை என்றாள் விற்பனைப் பெண். தம்பியும் அவன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அக்கா கண்ணில் பட்டது.

மற்ற அறைகளுக்குள் எல்லாம் போய் அலமாரியைத் திறந்து, குழாயைத் திருகிப் பார்த்தவள், அந்த அறை வாசலில் மட்டும் நின்றுவிட்டாள். நிலையில் கை வைத்து, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அவள் மனதில் ஓடியது இதுதான். தம்பி மனைவியின் பெற்றோருக்கும் வயதாகிறது. அவர்களுக்காக நினைத்திருக்கலாம். இல்லை, உண்மையிலேயே விருந்தாளிகளுக்காகவே இருக்கலாம். நாம் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து பார்த்தால், துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி ஆகிவிடாதா? நமக்கு என்றால் அவர்களே சொல்லட்டும்.

அவர்கள் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பார்த்துவிட்டுத் திரும்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் இடம் எப்படி என்று விசாரித்தாள். இங்கே அவ்வளவு அமைதி, தன் குரலைத் தானே கேட்டு நாளாகிறது என்றாள் அந்த அம்மாள். அது பெருமையா, புலம்பலா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பேச்சை முடித்துக் கிளம்பியவர்களோடு பஸ் நிறுத்தம் வரை அந்த அம்மாளும் கூடவே வந்துவிட்டாள், குழாயைக்கூட மூடாமல்.

அடுத்த இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் அக்கா கருத்துக் கேட்காத ஆளில்லை. ரத்தப் பரிசோதனை செய்பவர் விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கியவர். என் கதியைப் பார்த்துமா கேட்கிறீர்கள் என்றார். மருந்துக் கடைக்காரர், இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் பாதி விலைக்கு வரும் என்று அடித்துச் சொன்னார். போன வருஷமும் இதையேதான் சொன்னார் என்றாள் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ். நல்ல காற்று, சொந்த வாசல், குழந்தை சைக்கிள் ஓட்டலாம், இந்த விலைக்கு இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது என்பது அவள் கட்சி.

அக்கா எல்லோருக்கும் தலையாட்டினாள். காலையில் வாங்கச் சொன்னவர் பக்கம், மத்தியானம் வேண்டாம் என்றவர் பக்கம். உண்மையில் அவள் கேட்க நினைத்த கேள்வியை அவர்கள் யாரிடமும் கேட்க முடியாது. அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா? ஐம்பத்து மூன்று வயதில் இதை யாரிடம் போய்க் கேட்பது? வளர்த்த பிள்ளையிடமா?

ஒரு நாள் சாயங்காலம் தம்பி வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றான். மார்க்கெட் இன்னும் விழுமாம். சொல்லும்போது காதைச் சொறிந்துகொண்டான். எட்டு வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து பொய் சொல்லும்போதும் இப்படித்தான் காது அரிக்கும் அவனுக்கு. சமையலறையில் அவன் மனைவி குழாயைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். பாத்திரம் கழுவும் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் அசைந்தது.

அக்கா கையில் கிடைத்த துணியை மடித்தபடி அந்த முதுகையே பார்த்தாள். ஆசை ஆசையாகப் பார்த்த வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு அழுகிறாள் இந்தப் பெண். எதனால்? என்னை அழைத்துப் போகவும் மனமில்லை, விட்டுவிட்டுப் போகவும் வாய் வரவில்லை. அதனால்தான் வீடே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நடுவில் குறுக்குக் கட்டையாக நான் கிடக்கிறேன்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

மறுநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே போய் ஆஸ்பத்திரி விடுதிக் காப்பாளரைப் பார்த்தாள். ஊழியர் விடுதியில் ஓர் அறை காலியாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் யாரோ அடித்துவிட்டுப் போன ஆணிகள். காப்பாளர் அம்மா, இவ்வளவு வருஷம் கழித்து ஏன் திடீரென்று என்று கேட்டார். அவங்க வீடு வாங்கப் போறாங்க, எனக்கு இங்கேதான் வசதி என்று ஒப்பித்தாள். நீராவி அறைக்குத் திரும்பிய பிறகு, மூட்டையில் ஒட்டுவதற்காக எடுத்த நாடாவைத் தன் விரலிலேயே சுற்றி வைத்திருந்தாள். உதவிக்கு இருந்த பெண்தான் பார்த்துவிட்டு, "என்னக்கா, உங்களையும் உள்ள அனுப்பணுமா?" என்றாள். அதற்கும் அக்கா தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். பாதி வரை சிரிப்பு வந்தது.

"எனக்கு ஆஸ்பத்திரி விடுதியில அறை கிடைச்சிருக்கு. நீங்க அந்த வீட்டை வாங்கிக்கோங்க. எனக்காகப் பார்க்க வேண்டாம்."

சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்த தம்பியின் கை அப்படியே நின்றது. மகள் அத்தையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் வாய் திறந்தவள் தம்பி மனைவி.

"அதான் அண்ணி, அன்னிக்கு நீங்க அந்த அறைக்குள்ள கால்கூட வைக்கலையா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "எந்த அறை?"

"கீழ இருக்கிற அறை. மத்த இடத்துல பார்த்த வீடெல்லாம் இதைவிட மலிவு. எல்லாத்துலயும் படுக்கையறை மாடியிலதான். உங்க முட்டி வலிக்கு மாடி வேண்டாம்னு இவர் ஆறு இடம் அலைஞ்சு இதைக் கண்டுபிடிச்சார். நீங்க உள்ள போய், ஜன்னலைத் திறந்து, ஏதாவது சொல்வீங்கன்னு ரெண்டு பேரும் பின்னாலயே நின்னோம். நீங்க வாசல்லயே நின்னு, யார் வீட்டுப் பொருளையோ பார்க்கிற மாதிரி நல்லா இருக்குன்னுட்டுத் திரும்பிட்டீங்க. எங்களோட வர இஷ்டமில்ல போலன்னு நினைச்சுக்கிட்டோம். அக்கா வராத வீடு நமக்கு எதுக்குன்னு இவர்தான் வேண்டாம்னு சொல்லிட்டார்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்றாள் அக்கா.

"உன்கிட்ட என்னக்கா சொல்லணும்?" தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். கண் சிவந்திருந்தது. "நீ எங்க இருக்கணும்னு நான் உனக்கு அறை ஒதுக்கித் தரணுமா? என்னைய விடுதிக்கு அனுப்பாத நீ, இப்போ நீயே விடுதிக்குப் போறியா?"

அந்த வரன் விஷயம் அவனுக்குத் தெரியும் என்று அக்காவுக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. எட்டு வயதுப் பையன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான், முப்பத்தொரு வருஷம் அதை வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறான். அவள் எழுந்து போய் அவன் தலையில் கை வைத்தாள். வைத்த கையில் குழம்பு இருந்தது. அவனும் துடைக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. தம்பி மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகள் மட்டும், தலையில் குழம்பு, தலையில் குழம்பு என்று கத்தி எல்லோரையும் இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தாள்.

அழுகை ஓய்ந்து, ஆறிய சோற்றையே மறுபடி சாப்பிடும்போது, தம்பி விற்பனைப் பெண்ணுக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டான்.

"பொறுடா" என்றாள் அக்கா. "அந்த ஜன்னல் மேற்கே பார்த்து இருக்கு. சாயங்கால வெயில் நேரே கட்டில்ல விழும். எனக்குக் காலை ஷிப்ட் வந்தா முதல் பஸ்ஸைப் பிடிக்கணும், அது எத்தனை மணிக்குன்னு யாருக்காவது தெரியுமா? குளியலறைத் தரை சாய்வே இல்ல, தண்ணி நிக்கும். பின்னாடி தெருவுல வீடே வரலைன்னா ராத்திரி எப்படி?"

தம்பியும் மனைவியும் அவளை வாய் பிளந்து பார்த்தார்கள். இரண்டு வாரமாக அந்த வீட்டைப் பற்றி நல்லா இருக்கு என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாதவள்.

"அப்போ வேண்டாங்கிறியா?"

"வேண்டாம்னு எங்கடா சொன்னேன்?"

"அப்போ வாங்கிடலாமா?"

"அதையும் நான் சொல்லலையே."

விலை இன்னும் இறங்கும் என்றான் தம்பி. இறங்குவதற்குள் வீடு கைமாறிவிடும் என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு அம்மாள் பேசியே கொன்றுவிடுவாள் என்றாள் அக்கா. உடனே, பேச்சுத் துணைக்கு ஆளும் வேண்டும்தானே என்று தானே மாற்றிப் பேசினாள். தட்டுகள் காய்ந்து போகும் வரை பேசியும் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் அக்கா காப்பாளர் அம்மாவைப் பார்த்தாள். எனக்கு அறை வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வராந்தாவில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, பெரிய குறையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"வீட்டுல விட மாட்டேங்கிறாங்கம்மா."

அப்போ வீடு வாங்குவது முடிவாகிவிட்டதா என்று கேட்டார் காப்பாளர்.

"அதுதான் எங்களுக்கே தெரியலை" என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தைச் சூடேற்ற நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.