எக்ஸ்ரேக்காரரின் அவசரப் பணம்

எக்ஸ்ரேக்காரர் அவசரத்துக்குப் பணம் கொடுக்கிறார் என்ற செய்தி ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியாகத்தான் எக்ஸ்ரேக்காரரின் காதுக்கு வந்தது. கேன்டீன்காரம்மா டீயை வைத்துவிட்டுக் குனிந்தார்.

"ஏன் சார், நம்ம ஆஸ்பத்திரியில ஒருத்தர் ஆல்பம் ஆல்பமா அவசரப் பணம் வச்சிருக்காராமே? வட்டிகூட கிடையாதாம். யாருன்னு தெரியுமா?"

"தெரியாதே. ஆல்பத்துல போய் யாராவது பணம் வைப்பாங்களா?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

சொல்லி முடித்ததும் டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. வைப்பார்கள். அவரே வைத்திருக்கிறார்.

எங்கோ தொலைவில், ஒரு பெரிய போர் முடிந்து புதிதாக நாடாகிப்போன இடங்களில், கஜானா இருக்கும், பணம் இருக்காது. உலோகமெல்லாம் குண்டாகப் போய்விட்டதால் சில்லறையும் இருக்காது. ரொட்டி வாங்க என்ன செய்வது என்று அந்தந்த ஊர் நகராட்சியே காகிதத்தில் நோட்டு அடித்து, தலைவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திவிட்டது. அதற்குப் பெயர் அவசரகாலப் பணம். அதைத்தான் எக்ஸ்ரேக்காரர் பதினெட்டு வருஷமாகத் தபாலில் வரவழைத்துச் சேர்க்கிறார். காகிதத்துக்குள் நீர்க்குறி இருக்கிறதா என்று, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பார்க்கும் லைட் பெட்டியில் வைத்துப் பார்ப்பார். அடுத்து அதே இடத்தில் யாருடைய முழங்காலாவது ஏறும்.

வதந்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கேன்டீன்காரம்மாவுக்குச் சொன்னது ரத்தப் பரிசோதனைப் பெண். அவளுக்கு, இவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நர்ஸ். நர்ஸுக்கு யார் சொன்னது? வீட்டுக்குப் போனதும் மனைவி கீரை ஆய்ந்தபடியே ஒப்புக்கொண்டாள்.

"மாடி நர்ஸ் வந்து தண்ணித் தொட்டி ரிப்பேருக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சம்பளத்துல பாதியை அவசரப் பணத்துல போட்டு வச்சிருக்காருன்னு சொன்னேன். இதுல எது பொய்?"

"அவசரகாலப் பணம்னு முழுசா சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு 'காலம்' விட்டுப்போச்சு. அவ்வளவுதானே! என் காலமே போச்சு, அதை யாரு கேட்டா?"

அந்தக் காலத்தை எங்கே, எப்படித் திருப்பிச் சேர்ப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் ஆரஞ்சுப் பழம் வேறு. கடன் கேட்க வருகிறவரும் நோயாளியைப் பார்க்க வருகிறவரும் ஒரே பழத்தைத்தான் வாங்குகிறார்கள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி பண்ணியாகணும். புது வீடு பார்த்தாச்சு. ஜெராக்ஸ் கடைக்காரர் வீடு. முன்பணம் வச்சாத்தான் சாவியாம். எனக்குச் சம்பளம் ஒண்ணாந்தேதி. நடுவுல பத்து நாள், ரெண்டு குழந்தைங்களோட எங்கே போவேன்? நீங்க அவசரப் பணம்..."

எக்ஸ்ரேக்காரர் ஆல்பத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். டிரைவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது, பிறகு குழம்பியது.

"இது எந்த நாட்டுது?"

"அந்த நாடே இப்ப இல்ல தம்பி."

"அப்ப யாருதான் மாத்திக் கொடுப்பாங்க?"

"அதைத்தான் எங்கம்மாவும் கேட்டுட்டே இருந்தாங்க. நீங்களும் கேளுங்க," என்று மனைவி அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

டிரைவர் ஆல்பத்தை மூடவில்லை. "இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுண்ணே?"

பதினெட்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எக்ஸ்ரேக்காரர் கரைந்துவிட்டார். ஒரு இருபது நோட்டை எடுத்துக் காட்டினார். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் நோட்டு. புது அரசாங்கத்துக்கு எந்த மொழி புரியும் என்று நகராட்சிக்கே தெரியாததால் மூன்று மொழிகளில் அச்சடித்தது, மூன்றிலும் எழுத்துப்பிழை. அந்த ஊர் வரிசையில் விடுபட்டிருந்த கடைசி நோட்டு. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கியது. அரை மணி நேரம் பேசினார். பேசியதுதான் தப்பு.

"இதைக் கொடுங்கண்ணே. பத்து நாள்ல திருப்பித் தந்துடறேன்."

"இது செல்லாது தம்பி!"

"ஊர்ல செல்லாது. உங்ககிட்ட செல்லுதுல்ல? எனக்கு அது போதும்."

எக்ஸ்ரேக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை என்பது பிடிபட்டது. குழந்தைகள் என்பதும். நோட்டு உறையோடு டிரைவரின் சட்டைப் பைக்குள் போனது எப்படி என்று அவருக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை, முன்பணத்துக்கு ஈடாக அந்த நோட்டை வைத்ததும் சாவி கிடைத்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். "நோட்டு எனக்கு எதுக்குய்யா? ஆனா இதுக்காக அந்த எக்ஸ்ரே சார் உன் கழுத்துல உட்கார்ந்து முன்பணத்தைக் கட்ட வைப்பாரு பாரு, அந்த நம்பிக்கையிலதான் வச்சுக்கறேன்," என்றாராம்.

அவர் சொன்னது பலித்தது. பத்து நாளும் எக்ஸ்ரேக்காரர் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வெளியே ஓடினார். உள்ளே இருக்கும் நோயாளியைத் தாண்டி டிரைவரைப் பார்த்து, "பத்திரமா இருக்குல்ல?" என்றார். நோயாளியின் உறவினர்கள் கண்ணீர் விட்டார்கள், இப்படியும் ஒரு ஊழியரா என்று. ஒருநாள் படத்தில் இடது அடையாளத்தை வலதில் வைத்துவிட, டாக்டர் ஓடி வந்தார். "இந்தாளுக்கு இதயம் வலப்பக்கம் இருக்குய்யா!" மறுபடி படம் எடுத்ததும் அது இடப்பக்கம் திரும்பிவிட்டது.

ஒன்றாம் தேதி இருவரும் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். டிரைவர் முன்பணத்தை எண்ணி வைத்தார். கடைக்காரர் மேஜை டிராயரைத் திறந்து நோட்டை எடுத்து நீட்டினார். அது பளபளத்தது.

"வெறும் காகிதமா கிடந்துச்சு சார். ஓரம் வேற நைஞ்சு போச்சு. மனசு கேக்கல. லேமினேட் பண்ணிட்டேன். உசத்தி ஷீட்டு, நூறு வருஷம் வரும்."

நூறு வருஷம் ஏற்கெனவே வந்த காகிதம். போரைத் தாண்டியது, நாட்டின் எல்லைக்கோடு இரண்டு தடவை தன் மேல் நடந்துபோனதைத் தாங்கியது. இப்போது பிளாஸ்டிக்குக்குள் ஒரு காற்றுக்குமிழியோடு படுத்திருக்கிறது. லேமினேட் செய்த நோட்டுக்கு மதிப்பே கிடையாது, சேகரிப்பாளர்கள் இதைத் தொடக்கூட மாட்டார்கள். எக்ஸ்ரேக்காரர் அழலாமா என்று பார்த்தார். எதிரே கடைக்காரர் பாராட்டுக்காகக் காத்திருந்தார். திட்டலாம் என்றால், அதை அவர் காப்பாற்றியல்லவா வைத்திருக்கிறார்?

இன்னொரு நினைப்பும் உள்ளே புகுந்து குழப்பியது. பத்து நாள் இந்த நோட்டு பணமாக இருந்திருக்கிறது. ஒரு வீட்டைத் திறந்திருக்கிறது. அந்த மலையடிவாரத்து நகராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டபோது நினைத்ததும் இதைத்தானே? இதைக் கெட்டுப்போன நோட்டு என்று ஆல்பத்தின் கடைசியில் சொருகுவதா, முதல் பக்கத்தில் வைப்பதா?

"லேமினேஷன் பதினஞ்சு சார்," என்றார் கடைக்காரர்.

"நான் கேக்கலையே!"

"கேட்டாத்தான் செய்யணுமா? நம்ம சாருன்னு செஞ்சேன்."

"நான் கொடுத்துடறேண்ணே," என்று டிரைவர் பைக்குள் கைவிட்டார்.

"நீ கொடுத்தா நான் கேட்டு அவர் செஞ்ச மாதிரி ஆயிடும். கொடுக்காதே!" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"சரி விடுங்க, அப்புறம் வாங்கிக்கறேன்," என்றார் கடைக்காரர். அவர் விடவில்லை.

தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் ஒரு விரலையும், பிறகு ஐந்து விரலையும் காட்டுகிறார். எக்ஸ்ரேக்காரர் தலையை ஆட்டுகிறார். அது சரி என்ற ஆட்டலா, முடியாது என்ற ஆட்டலா என்று இதுவரை இருவருக்குமே விளங்கவில்லை.