டி டிரைவில் ஒரு காப்பி

எம்ப்ராய்டரி அக்கா என்றால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் இருக்கும் சின்னம், ஆஸ்பத்திரித் துண்டின் ஓரத்துப் பெயர், எல்லாம் அவள் வீட்டு முன்னறை மெஷினில் தைத்தவை. தைப்பது மட்டும்தான் மெஷின் வேலை. எந்தத் தையல் எந்தப் பக்கம் சாயவேண்டும், எவ்வளவு நெருக்கமாக விழவேண்டும் என்பதெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்தது. பதினோரு வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் டிசைன். ஒரு சிங்கத்தின் பிடரிக்கு மட்டும் நாலு நாள் கழுத்து வலியோடு உட்கார்ந்திருக்கிறாள். அத்தனையும் போனால் மறுபடி வரைய அவள் கண்ணுக்குத் தெம்பில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போன வாரம் 'டக்... டக்' என்று ஒரு சத்தம்.

"ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணுது அண்ணி. ரிப்பேர் புரோகிராம் ஓடவிட்டா சரியாயிடும்" என்றான் கொழுந்தன். செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் டாக்டர் அவன்தான். காலையில் ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம்வரை டக் டக்கென்று அடித்துக்கொண்டு கிடந்த பெட்டி, அப்படியே உறைந்து நின்றது. போன் பண்ணினாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க அண்ணி."

நாலு தடவை செய்தாள். நாலாவது தடவை திரையில் ஒன்றுமே வரவில்லை.

வீட்டுக்காரர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "எதுக்குப் பதறுற? எதையும் டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வைன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

போட்டுத்தான் வைத்திருந்தாள், சனிக்கிழமை தவறாமல். அந்தத் தைரியத்தில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனாள்.

கடைக்காரி பெட்டியைத் திறந்து, உள்ளங்கையளவு இரும்பு டப்பா ஒன்றைத் தட்டிக் காட்டினாள். "சி டிரைவும் இதுதான் அக்கா, டி டிரைவும் இதுதான். ஒரே ரூமுக்கு நடுவுல பலகை அடிச்ச மாதிரி. கூரை விழுந்தா ரெண்டு பக்கமும் காலி."

அக்காவுக்குக் காது மடல்வரை சூடேறியது. பதினோரு வருஷச் சனிக்கிழமை!

"இதுல ரிப்பேர் ஓடவிட்டது யாரு?"

"எங்க வீட்டு டாக்டர்."

"சாகக் கெடக்கறத எழுப்பி ஓடச் சொல்லியிருக்காரு. சத்தம் கேட்டதுமே ஆஃப் பண்ணிட்டு, உள்ள இருக்கறத அப்படியே புது டிஸ்க்குக்கு எடுத்திருக்கணும். மத்த வைத்தியமெல்லாம் அப்புறம்."

கடைக்காரி பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் புதியதை மாட்டி, சூடேறாமலிருக்க ஒரு சின்ன ஃபேனையும் வைத்தாள். காப்பி எடுக்கிற புரோகிராம் படிக்க முடிகிற இடத்தை முதலில் எடுக்கும், முரண்டு பிடிக்கிற இடத்துக்குக் கடைசியில் திரும்பி வரும் என்றாள். அக்கா ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார்.

"சாப்பாடு எங்க வெச்சிருக்க?"

"டி டிரைவ்ல இருக்கு. எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க!"

மறுநாள்தான் முடிந்தது. புது டிஸ்க்கோடு பெட்டி உயிர்பெற்றதும் அங்கேயே ஒவ்வொரு டிசைனாகத் திறந்து பார்த்தாள். சி-யில் முப்பத்தோரு டிசைன் திறக்கவில்லை. அவற்றில் இருபத்தேழு டி-யில் பழுதில்லாமல் இருந்தன. மீதி நாலு இரண்டிலும் போச்சு. அதில் ஒன்று சிங்கம்.

எல்லாவற்றையும் வெளியே செருகுகிற இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றி, அது வேறு கூரைக்குக் கீழே இருக்கட்டுமென்று வழியில் தங்கச்சி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். விவரம் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? இருபத்தேழு! டி-ல போடச் சொன்னது யாரு?"

பெட்டியைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்றிருந்தது. புது டிஸ்க் உள்ளே இருக்கிறதே என்று விட்டாள்.

"சிங்கத்துப் பிடரிக்கே நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் சமையல் நீங்களும் உங்க தம்பியும்தான்."

முதல் புள்ளியை வைத்தபோது சமையலறையிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான்: "அண்ணி, அடுப்பு பத்த மாட்டேங்குதே!"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு."