இன்னொருத்தி பேருக்கு ஒரு ‘இருக்கேன்’

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. நாள் முழுக்க ஊரார் பேரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கடை பேர், முதலாளி பேர், கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர். ‘ள’ வர வேண்டிய இடத்தில் ‘ல’ வந்துவிட்டால் டைப் செய்கிற பெண்ணோடு மல்லுக்கு நிற்பேன். பேர் தப்பானால் ஆளே தப்பு என்பது நான் அடிக்கடி விடும் வசனம். எனக்கு முதுகுக்குப் பின்னால் ‘கொம்பு’ என்று பட்டப்பேர் உண்டு. எழுத்தில் ஒரு கொம்பு விட்டுப்போனாலும் விடமாட்டேனாம், தலையிலும் இரண்டு முளைத்திருக்கிறதாம்.

அந்தக் கொம்பு செய்த தப்பைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் யார் பேரையும் எழுதப்போவதில்லை.

விருதுநகரில் நாங்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி நாடகம் போடுவோம். எங்களை ஆட்டுவிக்கிறவர் ஒரு வங்கி ஊழியர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. போன வருடம் அவர் எடுத்த விஷயம் ஸ்பெயின் நாட்டில் நடந்த உள்நாட்டுப் போர். அங்கே பாசிசத்தை எதிர்த்துச் சண்டை போட, அந்த மண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நாடுகளிலிருந்து ஆட்கள் தாங்களாகவே கிளம்பிப் போனார்கள். கப்பலில் வேலை பார்த்தவர், தையல்காரர், நர்ஸ் என்று சாதாரண ஜனங்கள். பலர் திரும்பவில்லை. நாடகத்தில் கற்பனை வசனமே கிடையாது. அவர்கள் வீட்டுக்குப் போட்ட கடிதம், டைரி, ஆஸ்பத்திரிக் குறிப்பு இவற்றை மட்டும் தமிழில் பேச வேண்டும். “காயிதத்துல இல்லாத ஒரு சொல்லு மேடைல வரக் கூடாது” என்பது சார் போட்ட சட்டம். தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

என் தோழியை நாடகத்துக்கு இழுத்து வந்தது நான்தான். பத்தாவது வரை இருவரும் ஒரே பெஞ்ச். அதன் பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் அவள் நகக்கண்ணில் வெள்ளி மருந்து மினுங்கும். அவளுக்கு மைக் தேவையில்லை. “கம்பெனில ஒவ்வொருத்தரும் தனித்தனி ரூமுல. சத்தமாப் பேசலைன்னா பேச்சுத் துணைக்கு எங்க போக?” என்பாள்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில், இறந்தவர்களின் பேரை ஒருவர் வரிசையாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பேருக்கும், மேடையில் பின்னால் நிற்கிறவர்கள் பதில் கொடுக்க வேண்டும். அங்கே அஞ்சலிக் கூட்டங்களில் அப்படித்தான் செய்தார்கள் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. சார் அதற்கு ‘உள்ளேன்’ என்று எழுதச் சொல்லியிருந்தார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அது பள்ளிக்கூடத்துல சார். காலைல போர்மேன் பேரு வாசிச்சா நாங்க ‘இருக்கேன்’னுதான் சொல்லுவோம். செத்தவுக ‘உள்ளேன்’னா சிரிப்புல்ல வரும். ‘இருக்கேன்’னு சொல்லிப் பாருங்க.”

சார் சொல்லிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பட்டியலை வாசிக்கும் வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

அந்தப் பட்டியலில் ஒருவன், வயது பத்தாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து அண்ணன் பேரைக் கொடுத்துப் படையில் சேர்ந்தவன். அந்தப் பேரிலேயே செத்தான். கல்லறையில் அண்ணன் பேர், அண்ணனோ ஊரில் உயிரோடு. அந்த இடத்தை வாசித்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏட்டி, இவன் நம்மாளு!” என்றாள். டீ குடிக்கும்போது காரணம் சொன்னாள். கம்பெனியில் பதிந்திருப்பது அவள் மதினியின், அதாவது அண்ணன் பெண்டாட்டியின் பேர். மதினி பிள்ளை பெற்று, இடுப்பு முடியாமல் உட்கார்ந்தபோது, மதினி பார்த்துவந்த வேலை போய்விடக் கூடாதே என்று இவள் அந்தப் பேரில் போக ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு வருடமாகிவிட்டது. “தெனம் மதினி பேருக்கு ‘இருக்கேன்’ சொல்லிட்டுத்தான் உள்ள போறேன். எம்பேரு எனக்கே மறந்துரும் போல. நீ ஒருத்திதான் கூப்பிடுற.”

நானும் சிரித்தேன். ஓர் எழுத்து மாறினால் ஊரைக் கூட்டுகிற நான், ஆளே மாறி நிற்பதைக் கேட்டுச் சிரித்தேன். மதினியின் பேர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்கு மதினி என்றால் எனக்கும் மதினி. எத்தனையோ வருடமாக அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன், அவருக்கென்று ஒரு பேர் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

நாடகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தீபாவளி ஆர்டருக்காகக் கம்பெனிகள் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்த சமயம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் வெளியே வந்து புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள். அது அவள் கம்பெனி இருந்த திசை. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போலீஸ்காரர் பெஞ்சில் ஏறி நின்று, கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய தாளை வாசித்தார். ஆறு பேர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவள் பேர் வரவில்லை. இன்னொரு தடவை வாசித்தார். வரவில்லை.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கூசுகிறது. சாருக்குப் போன் போட்டு, “இல்ல சார், அவ பேரு இல்ல!” என்று கத்தினேன். சுற்றிலும் ஜனங்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான்காவது பேரைக் கேட்டபோது, யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று உச்சுக்கூடக் கொட்டினேன். அவள் வேறு பேரில் வேலை பார்க்கிறாள் என்பது அந்த நேரத்தில் என் நினைவின் பக்கமே வரவில்லை.

மதினி ஆட்டோவிலிருந்து இறங்கினார். காலில் செருப்பில்லை, இடுப்பில் குழந்தை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “பயப்படாதீக மதினி. ரெண்டு தடவ வாசிச்சாக. நம்ம பேரு இல்ல.”

போலீஸ்காரர் மூன்றாவது தடவை வாசித்தார். நான்காவது பேரில் மதினியின் கை என் கைக்குள் விறைத்தது.

“அய்யா, அது எம்பேருய்யா.”

“உங்க பேரா? நீங்க இங்கன நிக்கீகளேம்மா?”

“நாந்தாய்யா அது. எம்பேருய்யா அது.”

கூட்டம் அவரைப் புத்தி பேதலித்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் பார்த்தேன். பிறகு புரிந்தது. மதினியின் பேரை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அடையாளம் காட்ட உள்ளே போனதை எழுத மாட்டேன். வெளியே வந்த பிறகு தாள்களின் பாடு ஆரம்பித்தது. தாளில் மதினி செத்துப்போயிருந்தார். அவர் உயிரோடு இருப்பதைக் காட்ட அண்ணன் நடையாய் நடந்தார். என் தோழி செத்ததைக் காட்டவோ, அவள் அங்கே வேலை பார்த்தாள் என்பதற்கே ஒரு துண்டுத் தாள் கிடையாது. இரண்டு வருடம் அவள் ஒரு நாள்கூட அங்கே இல்லை என்றுதான் பதிவேடு சொன்னது.

நாடகத்தை இரண்டு மாதம் தள்ளிப் போட்டோம். பட்டியல் வாசிப்பது என் பொறுப்பாயிற்று. ஒத்திகையில் சாரிடம், கடைசியில் அவள் பேரையும் சேர்க்க வேண்டும் என்றேன்.

“அவ பேருக்குக் காயிதம் எங்கம்மா இருக்கு?” என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். “நாம ஒண்ணைச் சேத்துட்டா, மத்ததும் சேத்ததுதானேன்னு ஆயிருமே.”

“உங்க காயிதத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க” என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அம்புட்டுக் கோபம்.

மல்லாங்கிணறு பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், பொழுது சாயும் நேரத்தில் நாடகம். பெண்கள் பக்கம் முன்வரிசையில் மதினி குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன். ஒவ்வொரு பேருக்கும் பின்னாலிருந்து ‘இருக்கேன்’ வந்தது. அண்ணன் பேரில் செத்தவனுக்கும் வந்தது. பட்டியல் முடிந்தது. தாளை மடித்தேன். அத்தோடு விளக்கை அணைக்க வேண்டும்.

நான் அவள் பேரைச் சொன்னேன். இனிஷியலோடு, எழுத்துப் பிசகாமல்.

பின்னாலிருந்து பதில் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒருத்தி விசும்பியதுகூடக் கேட்டது. ஆனால் அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. இங்கேயும் அவள் பேருக்கு ஆளில்லை என்று ஆக்கிவிட்டேனே.

மதினி எழுந்தார். குழந்தையை ஒரு கையால் தோளில் சாய்த்துக்கொண்டு, காலையில் போர்மேனுக்குச் சொல்வதுபோல, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

“இருக்கேன்.”